பூனைக்கு நீர்க்கடுப்பு: வீட்டு வைத்திய மகான்களுக்கு ஒரு பெரிய கும்பிடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கோபத்தில் எழுதுகிற பதிவு. "பூனைக்கெல்லாம் ஒரு பதிவா?" என்று கேட்கிறவர்கள் இப்பவே வேறு ஜோலி பார்க்கப் போகலாம். ஆனால் வீட்டில் பூனை வைத்திருக்கிறவங்க, அதிலும் கடுவன் பூனை வைத்திருக்கிறவங்க, தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

எங்கள் அபார்ட்மெண்டில் போன மாதம் ஒரே வாரத்தில் ரெண்டு பூனைகளுக்கு ஒன்னுக்குப் போவதில் பிரச்சனை. ஒன்று எங்க மீனா. வயசு பன்னெண்டு, நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது வீட்டுக்கு வந்தவள். இன்னொன்று கீழ் வீட்டு அக்காவோட கடுவன், ராஜா. ரெண்டே வயசு. ரெண்டு பேரும் செய்தது அச்சு அசல் ஒரே காரியம்தான். நிமிஷத்துக்கு ஒரு தடவை மணல் டப்பாவுக்கு ஓடுவது, குந்துவது, முக்குவது, கத்துவது, அடியில் நக்கிக்கொண்டே இருப்பது. மீனா பிழைத்துவிட்டாள். ராஜா செத்துட்டான்.

அக்கா மேல் ஒரு துளி தப்பும் கிடையாது. அவங்க நாலு பேரைக் கேட்டாங்க. அந்த நாலு பேரும் நாற்பது வைத்தியம் சொன்னாங்க. இளநீர், வாழைத்தண்டு சாறு, பார்லி கஞ்சி, மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரப். இப்படியே ரெண்டு நாள் ஓடிப்போச்சு. மூணாம் நாள் காலையில் விஷயம் என் காதுக்கு வந்தபோது எல்லாம் முடிஞ்சிருந்தது. என் சண்டை அந்த நாலு பேரோடதான். அவர்கள் நம்ம வீட்டு வாட்சப் குரூப் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். நல்லவர்கள். உதவி செய்கிற மனசு. அதனால்தான் ஆபத்தானவர்கள்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நாம ஆணி புடுங்குற தொழிலில் பாலபாடம் ஒன்று உண்டு. கஸ்டமர் "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு"ன்னு சொன்னால் அது அறிகுறி. டேட்டாபேஸ் தொங்கியிருக்கலாம், டிஸ்க் நிரம்பியிருக்கலாம், நெட்வொர்க் ஒயரை எவனாவது காலால் தட்டியிருக்கலாம். லாக்கைப் பார்க்காமல் மருந்து கொடுக்கிறவனை நாம என்ன சொல்லித் திட்டுவோம்னு உங்களுக்கே தெரியும். பூனையின் நீர்க்கடுப்பும் அதே கதைதான். அந்த ஒரு அறிகுறிக்குப் பின்னால் முக்கியமாக மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கலாம்.

ஒன்று, நிஜமான கிருமித்தொற்று. இது பெரும்பாலும் வயசான பூனைகளுக்கு வரும். கிட்னி தளர்ந்தோ சர்க்கரை வந்தோ மூத்திரம் நீர்த்துப் போனால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். மீனாவுக்கு வந்தது இதுதான். வயிற்றில் ஊசி குத்தி மூத்திரப்பையிலிருந்து நேராக சாம்பிள் எடுத்து, கல்ச்சர் வைத்துப் பார்த்ததில் ஈ.கோலை வளர்ந்தது.

ரெண்டு, கிருமியே இல்லாத மூத்திரப்பை வீக்கம். பத்து வயசுக்குக் கீழே உள்ள பூனைகள் ரத்தமும் கடுப்புமாக வந்தால் அதிகமாக இருப்பது இதுதான். வீடு மாறினது, புதுப் பூனை வந்தது, வீட்டில் விருந்தாளிக் கூட்டம் என்று மன உளைச்சலோடு சம்பந்தப்பட்டது. (பூனைக்கு ஏதுய்யா மன உளைச்சல்னு சிரிக்காதீங்க. இருக்கு.) இதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது இல்லாத திருடனுக்கு போலீஸ் வைப்பது மாதிரி.

மூணு, அடைப்பு. இதுதான் எமன். கடுவனின் மூத்திரக் குழாய் நீளம், நுனியில் ரொம்பக் குறுகல். படிகமும் சளி மாதிரிப் பொருளும் சேர்ந்த ஒரு சின்ன அடைப்பு போதும், ஒரு சொட்டும் வெளியே வராது. கிட்னியில் அழுத்தம் ஏறும், ரத்தத்தில் யூரியா ஏறும், பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே உலை. ராஜாவுக்கு நடந்தது இதுதான் என்று அப்புறம் அறிகுறிகளைக் கேட்டுவிட்டு எங்க டாக்டரம்மா சொன்னாங்க.

இப்ப அந்த மூன்றில் எது என்று வீட்டில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அப்படியிருக்க, மகான்கள் சொல்லும் மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இளநீர்: "குளிர்ச்சி"யாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய. அடைப்பு வந்த பூனைக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதுக்கு மேலே இன்னும் ஊத்துவீங்களா?

வாழைத்தண்டு சாறு, பார்லி கஞ்சி: மனுஷனுக்கு நல்லதோ என்னமோ, அந்தச் சண்டைக்கு நான் வரலை. வெளியே போக வழியில்லாத தொட்டியில் பைப்பைத் திறந்து விட்டால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு வாயைப் பிளந்து ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்ச் சேரும்.

மெடிக்கல் ஷாப் சிட்ரேட் சிரப்: நமக்கு நீர்க்கடுப்பு வந்தால் கொடுப்பது. மூத்திரத்தைக் காரமாக்கும். பூனைகளுக்கு வரும் ஸ்ட்ரூவைட் படிகம் காரமான மூத்திரத்தில்தான் நன்றாக வளரும். அதாவது, அடைப்புக்கு உரம் போடுகிறீர்கள்.

வலிக்குப் பாராசிட்டமால்: இது நேரடியாக விஷம். அதைச் செரித்து வெளியே தள்ளும் வேலையைப் பூனையின் ஈரல் சரியாகச் செய்யாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். "குழந்தைகளுக்கே குடுக்கறோமே"ன்னு சொல்லாதீங்க. பூனை சின்னக் குழந்தை இல்லை, வேற ஜீவராசி.

போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்: என்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்து அளவு மீறினால் பூனையின் விழித்திரை கெட்டு நிரந்தரமாகக் கண் போகும். தவிர, கல்ச்சர் எடுப்பதற்கு முன்னால் ரெண்டு டோஸ் கொடுத்துவிட்டால் கிருமி சாகாமல் ஒளிந்துகொள்ளும், டெஸ்ட்டும் பொய் சொல்லும். பூனைக்கு நீர்த்தொற்று என்று சந்தேகம் வந்தால் கல்ச்சர் செய்து பார்க்கச் சொல்லித்தான் 2019-ல் வந்த சர்வதேசக் கால்நடை வழிகாட்டுதலும் சொல்கிறது. நம்ம ஊரில் கடைகளில் ஆன்டிபயாட்டிக் வெற்றிலை பாக்கு மாதிரி விற்கிறது என்பதால்தான் 2013-ல் ஷெட்யூல் எச்1 என்று ஒரு பட்டியலே கொண்டுவந்தார்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் ரிஜிஸ்டரில் எழுதணும். சட்டம் புஸ்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இங்கே ரெண்டு எதிர்க்கேள்வி கட்டாயம் வரும்.

"எங்க பாட்டி காலத்துல பூனைக்கு டாக்டரா பாத்தாங்க?" பார்க்கலை. உண்மை. எங்க பாட்டி வீட்டிலும் எப்பவும் நாலஞ்சு பூனை இருக்கும். அதுங்க எப்படிச் செத்துதுன்னு கேட்டுப் பாருங்க. ஒன்றுகூடச் செத்ததாகச் சொல்ல மாட்டாங்க. "எங்கேயோ போயிருச்சுப்பா"ம்பாங்க. அவ்வளவுதான் பாட்டி வைத்தியத்தின் புள்ளிவிவரம். வலி வந்த பூனை வைக்கோல்போர் சந்துக்குள்ளே போய் ஒளிந்து செத்தது யார் கணக்கிலும் வரலை.

"டாக்டர்ட்ட போனா காசைப் புடுங்கறாங்க." இந்தக் கேள்வி நியாயம். எல்லாரும் ஐ.டி.யில் சம்பளம் வாங்கலை. ஸ்கேன், ரத்த டெஸ்ட், கல்ச்சர் என்று தனியார் கிளினிக்கில் பில் பார்த்து எனக்கே தலை சுத்திச்சு. ஆனால் இதற்குப் பதில் வாழைத்தண்டு இல்லை. ஊர் ஊருக்கு அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-ல் ஆரம்பித்த கல்லூரி அது. கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், ஆனால் செலவு குறைவு. அரசு கால்நடை மருந்தகம் என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருப்பதுதான் கொடுமை.

அப்படின்னா வீட்டில் செய்ய ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கு. டாக்டரிடம் காட்டின பிறகுதான் அது ஆரம்பிக்கும். அதற்குப் பேர் வைத்தியம் இல்லை, பணிவிடை. மீனாவுக்கு நானும் அம்மாவும் செய்ததைச் சொல்கிறேன்.

மாத்திரை: சொன்ன நேரம், சொன்ன அளவு, சொன்ன நாள் வரை. மூணாம் நாளே மீனா துள்ள ஆரம்பித்துவிட்டாள். "அதான் சரியாயிடுச்சே, நிறுத்திடலாமே" என்றார் ஒரு மகான். நிறுத்தலை. துண்டில் சுற்றி, வாயின் ஓரத்தில் விரல் வைத்துத் திறந்து, நாக்கின் பின்பக்கம் மாத்திரை. உடனே ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணி, வாயின் ஓரமாக, மெதுவாக. வெறும் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். (என் கையில் எத்தனை கோடுன்னு கேக்காதீங்க :-)

தண்ணி: பூனை பாலைவன வம்சம். தாகமே தெரியாது. ட்ரை ஃபுட்டில் ஈரம் நூற்றுக்குப் பத்துதான் தேறும், வெட் ஃபுட்டில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணி. அதனால் டாக்டரம்மாவைக் கேட்டு வெட் ஃபுட்டுக்கு மாற்றினோம். வீட்டில் நாலு இடத்தில் அகலமான கிண்ணத்தில் தண்ணி. பால் கிடையாது, பல பூனைகளுக்கு அது வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

மணல் டப்பா: தினம் ரெண்டு வேளை அள்ளுவது. எத்தனை கட்டி, எவ்வளவு பெரிசு, ரத்தம் இருக்கா என்று எக்செல் ஷீட்டில் எழுதினேன். ஆபீசில் டீம் லீட் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா முதலில் கேட்டது அந்த ஷீட்டைத்தான்.

அமைதி: சத்தம் கம்மி, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. அவ்வளவுதான்.

இதில் எதுவுமே தொற்றைக் கண்டுபிடிக்காது, அடைப்பை எடுக்காது. டாக்டர் கொடுத்த மருந்து வேலை செய்ய வழி விடும். நம்ம எல்லை அதுதான்.

கடைசியாக, இதை மட்டுமாவது மனசில் வைங்க. பூனை திரும்பத் திரும்ப முக்குது, மணல் ஈரமாகலை. அல்லது கத்துது, வாந்தி எடுக்குது, சாப்பிடலை, அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக ஏதோ தட்டுப்படுது. கடுவன் என்றால் நாளைக் காலைவரைகூடக் காத்திருக்காதீங்க. ராத்திரி பன்னெண்டு மணியானாலும் திறந்திருக்கிற ஆஸ்பத்திரியைத் தேடி ஆட்டோ பிடிங்க. மலச்சிக்கலாக இருக்கும் என்று எவராவது சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிடுங்க.

மகான்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். யாராவது பூனைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்த கால்நடை டாக்டரின் போன் நம்பரை ஃபார்வேர்ட் பண்ணுங்க. அதைவிட நல்ல வீட்டு வைத்தியம் கிடையாது.

டிஸ்கி: இதில் எந்த மருந்தின் அளவும் எழுதலை, வேணும்னேதான். "எத்தனை மில்லி குடுக்கலாம்"னு என்கிட்ட கேக்காதீங்க. நான் கோடு எழுதறவன். டாக்டர் இல்லை.