குப்பைப் பைக்கு பார்கோடு, சுமக்கும் அக்காவுக்கு என்ன?

ஆய்வுக் குழு வரும் நாள் என்று தெரிந்து நாங்கள் அந்த அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை. பாம்பு கடித்த ஒரு பெரியவரை முந்தின இரவு கொண்டுவந்து சேர்த்துவிட்டு, வராந்தாவில் படுத்திருந்தோம். விடியற்காலையிலேயே எங்கும் பினாயில் வாசனை. படிக்கட்டு ஓரத்தில் புதுச் சுண்ணாம்பு. ஏழு மணி இருக்கும், ஒப்பந்த கம்பெனியின் சூப்பர்வைசர் ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தார். உள்ளே ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, பச்சை ஏப்ரன். தூய்மைப் பணியாளர் பெண்கள் வரிசையில் நின்று வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு பூட்ஸ் பெரிதாக இருந்தது. பழைய துணியைச் சுருட்டி முனையில் திணித்துக்கொண்டார்.

மதியம் மூன்று மணிக்குக் குழு கிளம்பியது. நான்கு மணிக்கு அதே சூப்பர்வைசர், அதே சாக்கு. எண்ணி எண்ணி வாங்கி உள்ளே போட்டார். ஒரு கையுறை குறைகிறது என்று சத்தம் வேறு. அந்தப் பெண்கள் அவரவர் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி வார்டுக்குள் போனார்கள்.

அந்த மருத்துவமனைக்கு அந்த ஆண்டு விருது கிடைத்தது.

விருதின் பெயர் காயகல்ப். 2015 மே மாதம் ஒன்றிய அரசு, தூய்மை இந்தியா திட்டத்தின் தொடர்ச்சியாகத் தொடங்கியது. பராமரிப்பு, சுத்தம், கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு என்று தலைப்பு வாரியாகக் கேள்விகள். முழுமையாக இருந்தால் 2, பாதி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. முதலில் மருத்துவமனையே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளும், பிறகு பக்கத்து மருத்துவமனையிலிருந்து வந்து பார்ப்பார்கள், கடைசியில் வெளிக்குழு. 70 சதவீதத்தைத் தாண்டினால் விருதுக்குத் தகுதி. பணத்தில் பெரும்பகுதி மருத்துவமனை மேம்பாட்டுக்கு, கால்பங்கு குழுவாக உழைத்த ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை என்பது வழிகாட்டு நெறி.

அந்த "குழு"வில் யார் யார்? மருத்துவமனையின் சுத்தத்துக்குக் கிடைத்த விருதில், சுத்தம் செய்தவருக்கு எவ்வளவு போனது? நாங்கள் விசாரித்தவரை அந்த மருத்துவமனையின் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. "அவங்க கம்பெனி ஆளுங்க, எங்க ஸ்டாஃப் கிடையாது" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். பொய் சொல்லவில்லை. வருகைப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது.

புதுமைத் திட்டங்களை நாம் எதிர்க்கிறோம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தபின் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் முறையே மாறியது. 2008இல் 108 வந்தது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. சர்க்கரை மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிய நம் காலனிக் கிழவிகளுக்கு இன்று மாத்திரை வாசலுக்கு வருகிறது. இதெல்லாம் நம் மக்களுக்கு உயிர். நாம் கேட்பது ஒன்றைத்தான். மருத்துவமனைக்குள் வந்த எந்தப் புதுமையும், யார் எந்த வேலையைச் செய்வது என்ற பழைய ஏற்பாட்டை மட்டும் ஏன் தொடுவதில்லை?

அந்தப் பெரிய பூட்ஸ் அக்காவிடமே வருவோம். அவர் வேலை மஞ்சள், சிவப்பு, நீலப் பைகளையும், ஊசி போடும் வெள்ளை டப்பாவையும் வார்டிலிருந்து இறக்கி, பின்பக்க அறைக்குக் கொண்டுபோவது. 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் ஒவ்வொரு பைக்கும் பார்கோடு ஒட்டச் சொல்கின்றன. பை எந்த வார்டிலிருந்து கிளம்பியது, என்ன எடை, எப்போது வண்டி ஏறியது, எல்லாம் கணினியில் வந்துவிடும். நல்ல ஏற்பாடு. அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்கள் "மற்றும் பிறர்" எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் தர வேண்டும். விபத்து நடந்தால் படிவம் 1இல் பதிய வேண்டும். "மற்றும் பிறர்" என்ற இரண்டு சொற்கள் இந்த அக்காவுக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. கம்பெனி ஆள் என்று சொல்லித் தப்பிக்க விதியில் இடமில்லை.

ஒரு நாள் மஞ்சள் பையில் யாரோ போட்ட ஊசி அக்காவின் தொடையில் குத்தியது. மஞ்சள் பையில் ஊசி போடக் கூடாது. போட்டவர் படித்தவர், குத்து வாங்கியவர் எட்டாவது. சூப்பர்வைசர் சொன்ன வைத்தியம்: அமுக்கி ரத்தத்தை வெளியே விடு, டெட்டால் போட்டுக் கழுவு. ஊசி யாருக்குப் போட்டது என்று தேடவில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த மருந்து அதே கட்டடத்தின் இன்னொரு மாடியில் இருக்கிறது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி ஊசிக் குத்தில் எச்.ஐ.வி.யை விடவும் எளிதாகத் தொற்றும். அவருக்கு ஒரு தடுப்பூசிகூடப் போட்டிருக்கவில்லை. படிவம் 1 நிரப்பப்படவில்லை. நிரப்பினால் காயகல்ப் மதிப்பெண் என்ன ஆவது?

ஆய்வு நாளில் தடுப்பூசிப் பதிவேட்டைக் குழு கேட்காமல் இல்லை. காட்டப்பட்டது நிரந்தர ஊழியர்களின் பதிவேடு. 2க்கு 2.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று அக்காவிடம் கேட்டோம். "மாசாமாசம் புடிக்கிறாங்க தம்பி. அட்டைதான் குடுக்கல" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "குப்பைப் பைக்குக்கூட நம்பர் ஒட்டுறீங்க, எனக்கு ஒரு நம்பர் கெடையாதா?" என்றார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அண்ணல் அம்பேத்கர், தொழிலாளர் காப்பீட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவர் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும் அக்காவுக்கு அந்தக் காப்பீட்டின் அட்டை இல்லை.

இங்கே ஒரு நண்பர் கை தூக்குவார். "இதில் சாதி எங்கே வந்தது? இது ஒப்பந்த முறையின் கொடுமை. சாதி பார்க்காமல் யார் வேண்டுமானாலும் வேலைக்குச் சேரலாமே!" இந்தக் கேள்வியை நம் வகுப்பறைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம், சில சமயம் இடதுசாரித் தோழர்களிடமிருந்தும். பதில் எளிது. அந்த மருத்துவமனையின் ஷிப்ட் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். கம்பெனி மாறினாலும், சீருடை நீலத்திலிருந்து பச்சைக்கு மாறினாலும், தெரு மாறுவதில்லை. அம்மா பார்த்த வேலைக்கு மகள், மாமியார் பார்த்த வேலைக்கு மருமகள். டெண்டர் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. சாதி டெண்டர் ஒரே முறை விடப்பட்டது. பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்களை நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுத்தபோது, முதலில் விவரம் சேர்ந்த 38,000 பேரில் ஏறத்தாழ 69 சதவீதம் பட்டியல் சாதியினர் என்று ஒன்றிய அரசின் கணக்கே சொன்னது. மருத்துவமனைகளிலும் அப்படி எண்ணிச் சொல்லட்டும். பிறகு பேசலாம் சாதி எங்கே என்று.

சட்டமே இந்த ஏற்பாட்டுக்குப் பந்தல் போடுகிறது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது. மையப் பணி எது என்ற விளக்கத்தில், துப்புரவையே தொழிலாகக் கொண்ட நிறுவனமாக இருந்தாலொழிய, துப்புரவு மையப் பணி ஆகாது என்று விலக்கிவிடுகிறது. ஆக, விருது வாங்கும்போது சுத்தம்தான் மருத்துவமனையின் உயிர்நாடி. சம்பளம் கொடுக்கும்போது சுத்தம் மருத்துவமனையின் வேலையே கிடையாது. சமூகவியல் வகுப்பில் தூய்மை, தீட்டு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். இந்த ஒரு விளக்கப் பிரிவைப் படித்திருந்தால் போதும்.

பிணவறையைப் பற்றி இரண்டு வரி. பல இடங்களில் உடலைத் திறப்பவரும் தைப்பவரும் தூய்மைப் பணியாளர், கையெழுத்திடுபவர் மருத்துவர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதியினரைப் பிணம் சுமக்கவோ குழி வெட்டவோ வைப்பதைக் குற்றம் என்கிறது. அதற்கு "பணி" என்று பெயர் வைத்துவிட்டால் குற்றம் எங்கே போகிறது என்பதைச் சட்டம் படிக்கும் தோழர்கள் எடுத்துப் பேச வேண்டும்.

நமக்குச் சங்கடமான ஒன்றையும் பேசியாக வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, துணி மாற்றக் காசு, பிரசவ வார்டில் ஆண் பிள்ளை என்றால் ஒரு ரேட், பெண் பிள்ளை என்றால் ஒரு ரேட். கேட்பவர் பல நேரம் நம் தெருப் பெண். கொடுக்க முடியாமல் கம்மலை அடகு வைப்பவரும் நம் தெருப் பெண். இதை மூடி மறைத்துவிட்டு உரிமை பேச முடியாது. அந்தப் பெரியவரின் மகளிடமும் அன்று இரவு 200 ரூபாய் கேட்டார்கள். நாங்கள் சண்டை போட்டோம். சண்டை போட்ட பிறகுதான், கேட்ட பெண்ணுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று தெரிந்தது. இதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த புதுமை என்ன? சி.சி.டி.வி., "லஞ்சம் கொடுக்காதீர்" பலகை, புகார் எண். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாத கம்பெனி மீது புகார் சொல்லத்தான் பலகை இல்லை. கேமரா எப்போதும் கீழே பார்த்துத்தான் மாட்டப்படுகிறது.

நோயாளி பக்கமும் கதை அதேதான். மேரா அஸ்பதால் என்று ஒன்றிய அரசின் கருத்துக் கேட்பு ஏற்பாடு 2016இலிருந்து இருக்கிறது. திருப்தி இல்லை என்று சொன்னால் காரணம் கேட்கும்: ஊழியர் நடத்தை, சுத்தம், செலவு, சிகிச்சைத் தரம், மற்றவை. முகவரி கேட்டதும் குரல் மாறுவது, தொடாமல் தூரத்திலிருந்தே மருந்து எழுதுவது, பிரசவ வலியில் கத்தும் பெண்ணிடம் "உங்காளுங்களுக்கு இதே வேலை" என்று சொல்வது, எல்லாம் "ஊழியர் நடத்தை" என்ற ஒரே பெட்டிக்குள் விழுந்து காணாமல் போகும். மருத்துவமனையில் நுழைவதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டு சட்டத்திலேயே குற்றம். தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனத்தில் சாதிப் பாகுபாடின்மை ஓர் உரிமை. சட்டத்தில் இருக்கும் சொல் செயலியில் மட்டும் இல்லை. தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது 39.5, உயர்சாதிப் பெண்களுக்கு 54.1 என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் எடுத்துக்காட்டிய கணக்கை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அந்த இடைவெளி எந்த ஓ.பி. வரிசையில், எந்தக் குரலில் தொடங்குகிறது என்று பதிவு செய்ய ஒரு பெட்டிகூட இல்லை.

போன மாதம் பொறியியல் மாணவர்கள் சிலர் வந்தார்கள். ஹேக்கத்தானுக்கு மருத்துவமனைச் செயலி செய்கிறார்கள், டோக்கன் வரிசையைக் குறைக்க. நல்ல பிள்ளைகள், இரண்டு பேர் நம் விடுதி மாணவர்கள். பின்பக்கக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், பைகளை எடைபோடும் அக்காவின் பக்கத்தில் அரை மணி நேரம் நிற்க வைத்தோம். திரும்பும்போது ஒரு பெண் கேட்டாள்: "பைக்கு இருக்கிற அதே பார்கோடு ஸ்கேனரிலேயே தடுப்பூசித் தேதியையும் வைக்கலாம்ல?" தாராளமாக வைக்கலாம். ஒரு நாள் வேலை. 2016இலிருந்து யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

செயலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர், அவர்களில் ஹெபடைடிஸ் பி மூன்று தவணையும் முடித்தவர் எத்தனை பேர், மூன்று ஆண்டுகளில் படிவம் 1இல் பதிவான ஊசிக் குத்து எத்தனை, காயகல்ப் ஊக்கத்தொகை யார் யாருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். யாருடைய பெயரும் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஊசிக் குத்து "இல்லை" என்று பதில் வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் பெரிய ஆதாரம்.

நாங்கள் போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை. ஆனால் மனு போன மூன்றாவது வாரம் பணியாளர்களை வரிசையில் நிற்க வைத்து முதல் ஊசி போட்டார்கள். அடுத்த மாதம் இரண்டாவது. மூன்றாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம். அதற்குள் டெண்டர் மாறிவிட்டது. புதிய கம்பெனியின் பட்டியலில் பத்து ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் அக்கா "புதிதாகச் சேர்ந்தவர்". முதல் இரண்டு ஊசி போட்ட பதிவேடு பழைய கம்பெனியோடு போய்விட்டதாம். திங்கட்கிழமை கண்காணிப்பாளரைப் பார்க்கப் போகிறோம். வர முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு ஓ.பி. வாசலுக்கு வாருங்கள்.