நோட்டுல கையெழுத்து இருக்கு, கையில தொழில் இருக்கா? நர்சிங் மாணவிகளை வாட்டும் 'வார்டு' பிரச்சினை

மேலூர்,

பிளஸ்-2 ரிசல்ட் வந்து விட்டால் போதும். திருவாதவூர் பக்கம் டீக்கடையில் இருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரே பேச்சுதான். "புள்ளைய எதுல சேர்க்கிறது?"

மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று பெருமை பேசினாலும் வயிற்றுப்பாட்டுக்கு நாற்று நடவு, கரும்பு வெட்டு, மதுரைக்கு கட்டிட வேலை என்று ஓடும் குடும்பங்கள்தான் இந்த சுற்று வட்டாரத்தில் அதிகம். அந்த வீடுகளில் உயிரியல் பாடம் எடுத்த பெண் பிள்ளை இருந்து, டாக்டர் சீட்டுக்கு வழி இல்லை என்று ஆகிவிட்டால் அடுத்த வார்த்தை "நர்சுக்கு போடுவோம்" என்பதுதான். நகையை அடகு வைத்தாவது சேர்த்து விடுகிறார்கள். தப்பே இல்லை. நல்ல படிப்பு, மரியாதையான வேலை.

சேர்க்கும்போது என்ன கேட்கிறார்கள்? பீஸ் எவ்வளவு, தவணையில் கட்டலாமா, ஹாஸ்டல் உண்டா, காலேஜ் பஸ் ஒத்தக்கடை வரைக்காவது வருமா, முடித்தால் வெளிநாடு போகலாமா? எல்லாம் கேட்கிறார்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டு விடுகிறார்கள். "எந்த ஆஸ்பத்திரியில வச்சு புள்ளைக்கு வேலை கத்துக் கொடுப்பீங்க? அங்க எத்தனை பெட்டு?"

பிள்ளையின் தலையெழுத்து இந்த கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

பொம்மையில் இருந்து வார்டுக்கு

நர்சு படிப்பில் மூன்று வகை உண்டு. கிராம சுகாதார நர்சு வேலைக்கான ஏ.என்.எம். 2 வருடம். டிப்ளமோ நர்சிங் 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். எதை எடுத்தாலும் வகுப்பறை பாடம் ஒரு பக்கம், வார்டு வேலை ஒரு பக்கம்.

முதலில் காலேஜிலேயே பொம்மையை படுக்க வைத்து பழக்குவார்கள். படுக்கை விரிப்பது, கை கழுவுவது, காய்ச்சல் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் பொம்மைக்குத்தான். பிறகு வெள்ளை சீருடை, விளக்கேற்றும் விழா, உறுதிமொழி. அதோடு நிஜ வார்டு.

பொம்மை வலிக்கிறது என்று சொல்லாது. நரம்பு தேடினால் கையை இழுக்காது. ராத்திரி 2 மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்காராது. இதெல்லாம் வார்டில்தான் நடக்கும். குளுகோஸ் ஏறுகிற கை வீங்கினால் உடனே நிறுத்த வேண்டும், ஆபரேஷன் முடித்து வந்தவரின் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனால் டாக்டரை எழுப்ப வேண்டும். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. நிஜத்தில் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தான் பிடிபடும்.

அதனால்தான் இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு கறார் விதி வைத்திருக்கிறது. வகுப்புக்கு 80 சதவீதம் வருகை இருந்தால் பரீட்சை எழுதலாம். வார்டு பயிற்சிக்கு அந்த சலுகை கிடையாது. பட்டம் வாங்கும் முன்பு 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தாலும், அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டாலும் அந்த நாட்களை திரும்ப செய்தே ஆக வேண்டும்.

2021-ல் பி.எஸ்சி.க்கு புது பாடத்திட்டம் வந்தது. வருட பரீட்சை போய் செமஸ்டர் வந்தது. கடைசி 8-வது செமஸ்டர் முழுவதும் ஆஸ்பத்திரியில் வேலை பழகுவதற்கே ஒதுக்கப்பட்டது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

60 பேர், 1,200 பிரசவம்

சிக்கல் கணக்கு போட்டால்தான் தெரியும். பிரசவ வார்டையே எடுத்துக்கொள்வோம்.

பல வருடம் நடைமுறையில் இருந்த பழைய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் ஒரு மாணவி 30 கர்ப்பிணிகளை பரிசோதிக்க வேண்டும், 20 சுகப்பிரசவம் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஒரு வகுப்பில் 60 பேர் என்றால் 20 வீதம் 1,200 சுகப்பிரசவம். ஒரு வருடத்துக்குள் முடிப்பது என்றால் தினமும் 3-க்கு மேல் வேண்டும். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் விட முடியாது.

சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் இத்தனை பிரசவத்துக்கு எங்கே போவது? அதிலும் சுகப்பிரசவம்! 2019-21-ல் எடுக்கப்பட்ட 5-வது தேசிய குடும்ப நல கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 100-க்கு 64. அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் 100 தாய்மார்கள் வந்தால் மாணவி கை பழக மிஞ்சுவது 36 பேர். சிசேரியன் கூடிப்போச்சு என்று நாம் தாய்க்காகத்தான் கவலைப்படுகிறோம். நாளைய நர்சுக்கு பிரசவம் பார்க்க தெரியாமல் போவதும் அதே கணக்கில்தான் வருகிறது.

மற்ற வார்டுகளுக்கும் அளவு இருக்கிறது. காலேஜுக்கு குறைந்தது 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி, ஒரு மாணவிக்கு 3 நோயாளி, படுக்கைகளில் முக்கால்வாசியாவது ஆள் இருக்க வேண்டும், 10 மாணவிக்கு ஒரு ஆசிரியை. இதெல்லாம் கவுன்சில் வைத்த நிபந்தனைகள்.

படுக்கை காலியாக கிடந்தால்? ஒரு நோயாளியை சுற்றி அஞ்சாறு மாணவிகள் நிற்பார்கள். ஒருத்தி ஊசி போடுவாள். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். சாயங்காலம் ஹாஸ்டலில் எல்லோருமே நோட்டில் எழுதுவார்கள். செய்தவளுக்கும் கையெழுத்து, பார்த்தவளுக்கும் கையெழுத்து.

இந்த ஓட்டை பெரிசானால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மத்தியபிரதேசமே சாட்சி. அங்கே ஐகோர்ட்டு உத்தரவில் சி.பி.ஐ. 308 நர்சிங் கல்லூரிகளை தோண்டியது. 2024-ல் வந்த முடிவில் 169 மட்டுமே தேறின. 74-ல் குறைகள். 65 கல்லூரிகள் தகுதியே இல்லாதவை. இதில் கொடுமை என்னவென்றால் சோதனைக்கு போன சி.பி.ஐ. அதிகாரியே லஞ்ச வழக்கில் 2024 மே மாதம் கைதானார். அங்கே பீஸ் கட்டிய பெற்றோர்களும் நம்மூர் ஆட்களைப்போல கூலிக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

பெரியாஸ்பத்திரி பக்கம் ஒரு பார்வை

மதுரையில் நோயாளிக்கு பஞ்சம் இல்லாத இடம் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் இன்றும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்கள். திருவாதவூர்க்காரருக்கு அது 'பெரியாஸ்பத்திரி'. பாம்புக்கடி, விபத்து, சிக்கலான பிரசவம் என்று தென் மாவட்டமே வந்து இறங்கும். மருத்துவக்கல்லூரியோடு சேர்ந்த அரசு நர்சிங் கல்லூரியும் மதுரையில் இருக்கிறது. அங்கே சீட்டு கிடைத்த பிள்ளைக்கு படுக்கையை தேடி அலையும் வேலை இல்லை. செலவும் குறைவு. ஆனால் சீட்டு கொஞ்சம், கட்-ஆப் மார்க்கோ எட்டாத உயரம்.

சீட்டு கிடைக்காதவர்கள் தனியார் கல்லூரிக்கு போகிறார்கள். அந்த கல்லூரிகள் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணம் கட்டி, அனுமதி வாங்கி மாணவிகளை பயிற்சிக்கு அனுப்புவது உண்டு. அங்கே ஏற்கனவே டாக்டருக்கு படிப்பவர்கள், பயிற்சி டாக்டர்கள், அரசு நர்சிங் மாணவிகள் என்று கூட்டம். வெளியில் இருந்து வந்த பிள்ளை கடைசி வரிசையில்தான் நிற்கும்.

நோயாளி பக்கமும் நியாயம் இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் மூன்றாவது முறை குத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? "படிக்கிற புள்ளைய விட்டு குத்தாதீங்க" என்று சத்தம் போடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் அனுபவசாலி நர்சு நிற்க வேண்டும் என்று கேட்பது நோயாளியின் உரிமை. ஆனால் தொடவே விடமாட்டேன் என்றால், அந்த பிள்ளை எங்கே போய் கற்றுக்கொள்ளும்? நாளைக்கு அதே பிள்ளைதான் நம் வீட்டு கிழவிக்கு ராத்திரி டூட்டியில் நிற்கப்போகிறது.

சொல்லிக்கொடுக்க ஆள் நின்றால்தானே!

வார்டில் பாடம் நடத்துவது பாதி ஆசிரியை என்றால் மீதி அங்கே வேலை பார்க்கும் சீனியர் நர்சு. அவர்கள் நிலைத்து நிற்கிறார்களா?

மருத்துவ பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தது. தொகுப்பூதியம் ரூ.7 ஆயிரத்து 700. கொத்தனாருக்கு சித்தாள் வேலை பார்த்தாலே அதை விட அதிகம் என்று அப்போதே பேசினார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் நர்சுகள் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு ரூ.14 ஆயிரம் ஆனது. 2023-ல் ரூ.18 ஆயிரம் ஆனது.

தனியார் கதை இன்னும் மோசம். 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கு குறைந்த ஆஸ்பத்திரியில் கூட மாதம் ரூ.20 ஆயிரத்துக்கு குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதானே, சட்டம் இல்லையே! கை பழகிய நர்சு கொஞ்ச நாளில் வளைகுடாவுக்கோ, லண்டனுக்கோ விமானம் ஏறிவிடுகிறார். அந்த இடத்துக்கு நேற்று படிப்பு முடித்தவர் வருகிறார். கற்றுக்கொண்டு இருப்பவரே கற்றுக்கொடுக்க வேண்டிய நிலை. ஆள் பற்றாக்குறை முற்றிய இடத்தில் மாணவிகளை வைத்தே வார்டை ஓட்டுவதும் நடக்கும். அது பயிற்சி அல்ல, சம்பளம் இல்லாத வேலை.

லண்டன்காரன் எதை பார்க்கிறான்?

இங்கிலாந்து போக நினைக்கும் நர்சு ஆங்கில பரீட்சை, கம்ப்யூட்டர் பரீட்சை முடிந்ததும் அங்கேயே போய் ஒரு செய்முறை தேர்வு கொடுக்க வேண்டும். மொத்தம் 10 கட்டம். ஒவ்வொன்றுக்கும் நிமிட கணக்கு.

சோதிப்பவர் ஊசி போட்டாயா என்று மட்டும் பார்ப்பதில்லை. கை கழுவினாயா? பெயர், பிறந்த தேதி கேட்டு நோயாளி கையில் கட்டிய பட்டையோடு ஒத்துப்பார்த்தாயா? மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டாயா? செய்யப்போவதை நோயாளியிடம் சொன்னாயா? செய்ததை எழுதினாயா? சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று நம்மூரில் முதல் வருடமே மனப்பாடம் செய்கிற பாடம்தான். மனப்பாடம் செய்தவருக்கும் வார்டில் தினமும் செய்து பழகியவருக்கும் வித்தியாசம் அந்த சில நிமிடத்தில் வெளுத்து விடும்.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை, மருத்துவக்கல்லூரிகளை ஒட்டியே நாடு முழுவதும் 157 நர்சிங் கல்லூரிகள் தொடங்க தலா ரூ.10 கோடி ஒதுக்கியது. தமிழ்நாட்டு பங்கு 11. ஆஸ்பத்திரியை முதலில் வைத்து கல்லூரியை பிறகு வைக்கிற இந்த யோசனைதான் சரியானது. கட்டிடத்தை கட்டி விட்டு நோயாளியை தேடுவது தலைகீழ் வேலை.

டவுனில் "6 மாதத்தில் நர்சிங், வேலை நிச்சயம்" என்று போர்டு பார்த்தால் பக்கத்திலேயே போக வேண்டாம். அந்த சான்றிதழை தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் அரசு நர்சு வேலைக்கு விண்ணப்பம் கூட போட முடியாது.

முறையான கல்லூரி என்றாலும் அட்வான்ஸ் கட்டும் முன்பு, அவர்கள் சொல்லும் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலை நாளில் காலை 10 மணிக்கு போய் வார்டை ஒரு சுற்று பார்த்து வரலாம். எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறது, மாணவிகள் கட்டில் பக்கம் நிற்கிறார்களா, வராண்டாவில் நோட்டு எழுதுகிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான். அம்மா சாதாரண கட்டண டவுன் பஸ்சில் போனால் அதுவும் கிடையாது.