நாற்காலி நிரப்பவா பிள்ளைகள்?

நம் புதுச்சேரியில் இலக்கிய விழாவுக்குப் பஞ்சமில்லை. வெளியூர், வெளிநாட்டு எழுத்தாளர்கள் வருகிறார்கள்; வரட்டும், நல்லதுதான். ஆனால் சீருடையோடு பஸ்ஸில் ஏற்றி வந்து, பின்வரிசைகளில் அடுக்கி வைக்கப்படும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்படி ஒரு விழாவில் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஒரே ஆங்கிலம். ஆசிரியை உதட்டில் விரலை வைத்தபடி வரிசை வரிசையாக நடக்கிறார். தட்டச் சொன்னால் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். பக்கத்துப் பையனிடம், "பேசறது யார் தம்பி?" என்றேன். "தெரியல தாத்தா. முடிஞ்சதும் பிஸ்கட் தருவாங்களாம்" என்றான். அவன் மேல் என்ன தப்பு? அந்த எழுத்தாளரின் ஒரு பக்கத்தைக்கூட அவனுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. கேள்வி நேரத்தில் மைக் முன்வரிசையைத் தாண்டவே இல்லை. கேள்வி கேட்கிறேன் என்று எழுந்த ஒரு பெரியவர் தன் சொந்தக் கவிதையை வாசித்தார். (அவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லா விழாவிலும் இருப்பார்.)

ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதியவன் நான். "மாணவ மாணவியர் திரளாகப் பங்கேற்றுப் பயனடைந்தனர்" என்ற வரி எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தலையை எண்ணினால் போதும்.

எழுத்தாளரைக் கண்ணால் பார்ப்பதே பிள்ளைக்கு ஒரு தூண்டுதல் என்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் ஒரு எழுத்தாளரின் முகத்தையும் பார்த்ததில்லை. ஆனால் மொலியேர் நாடகத்தை வரி வரியாகப் பிரித்து, இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது என்று கேட்டே உயிரை எடுப்பார்கள். அது இன்னும் நிற்கிறது.

அதே பிரான்சில் 1988 முதல் 'கோன்கூர் தே லிசேயேன்' என்று ஒரு பரிசு உண்டு. கோன்கூர் பட்டியலில் உள்ள நாவல்களைச் சுமார் 2000 உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இரண்டு மாதத்தில் படித்து, எழுத்தாளர்களைச் சந்தித்து, கேள்வி கேட்டு, விவாதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் ஆண்டில் எரிக் ஓர்செனாவின் நாவலுக்கே பெரியவர்களும் பரிசு கொடுத்தார்கள், பிள்ளைகளும் கொடுத்தார்கள்.

"அது பிரான்சு, நமக்கு ஏது பணம்?" என்பீர்கள். பொன்னாடைக்கும் பூங்கொத்துக்கும் இருக்கிறதே! அந்தக் காசில் ஒரு வகுப்புக்கு நம் பிரபஞ்சனின் கதைகளை வாங்கித் தரலாம். 1827-இல் தொடங்கிய நூலகம் நம் ஊரில் இருக்கிறது. பாரதிதாசன் வாத்தியாராக இருந்த ஊர் இது.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பே, வரப்போகும் எழுத்தாளரின் புத்தகம் வகுப்புக்குப் போகட்டும். முந்நூறு பேர் வேண்டாம், படித்துவிட்டு வரும் முப்பது பேர் போதும். அவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும். முதல் கேள்வி அவர்களுடையது, தமிழிலேயே கேட்கட்டும். எங்களைப் போன்ற கிழங்கள் பின்னால் நின்று கேட்டுக்கொள்கிறோம். பிஸ்கட்டை வேண்டுமானால் எங்களுக்குக் கொடுங்கள்.