தோல் கொடுத்தவனின் வேடம்

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் பள்ளிகொண்டா சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் அந்தக் குரல் கேட்கும். கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கரகரக்கும், குரல் கரகரக்காது. வள்ளிமலைக்கும் திருத்தணிக்கும் காவடி எடுப்பவர்கள் மஞ்சள் வேட்டியோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். இன்னொரு பக்கம், சாப்பாட்டுப் பையோடு ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்கள் அந்தப் பாட்டை முணுமுணுத்தபடியே படியேறுவார்கள். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையை ஒரு கிழவி சமாதானப்படுத்தும் பாட்டு அது. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாராக நின்று அதைப் பாடியவர் கே.பி. சுந்தராம்பாள்.

தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்துக்கு அவர் ஔவைப் பாட்டி. வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். அந்தப் பாட்டிக்கு முப்பது ஆண்டு முன்னால் இன்னொரு சுந்தராம்பாள் இருந்தார். இருபத்தேழு வயதில், ஆண் வேடம் கட்டி, பண்ணையடிமையான நந்தனாக அவர் சினிமாவில் நின்றார். அந்த வேடத்தை நம் ஊர்ப்பக்கம் பேசுவார் குறைவு. பேசியாக வேண்டும், காரணம் பெரியபுராணத்திலேயே இருக்கிறது.

சேக்கிழார் திருநாளைப்போவார் என்று காட்டும் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில்களில் முழங்கும் பேரிகை முதலான கருவிகளுக்குப் போர்த்தும் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும். கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நிற்பார். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை அலசிய தலைமுறைகள் வாழும் ஊர்களில் இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. மிருதங்கத்துக்கு இன்றும் மாடு, ஆடு, எருமை என்று மூன்று தோல் வேண்டும். வார் எருமைத் தோல். அதைச் செய்யும் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்ரா அரங்கு தர ஒப்புக்கொண்டு, பிறகு மறுத்துவிட்டது. நந்தன் நின்ற வாசல் இன்னும் முழுசாகத் திறந்தபாடில்லை.

சுந்தராம்பாளின் தொடக்கமும் வாசலுக்கு வெளியேதான். 1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தார். தாய் பாலாம்பாள், தகப்பன் துணையில்லாத, வறுமை அரித்த வீடு. சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு பெற்ற குழந்தை அவர். பாட்டைக் கேட்டவர்கள் வேலு நாயர் நாடகக் கம்பெனிக்கு வழிகாட்ட, ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசிக்கு அழும் பிள்ளையாக மேடையேறினார். அந்தப் பசி அவர் நடித்துக் கற்ற பசியன்று. பத்து வயதுக்குள் கொழும்பு வரை போய்ப் பாடிய தொழில்காரி ஆகிவிட்டார்.

அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் சொல் சொல்லாக விழ வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகையே கூச்சல் போடும். ஐந்து கட்டைச் சுருதியில் விடிய விடியப் பாடும் தொண்டை வேண்டும். பின்னாளில் ஔவையாராக அவர் பாடும்போது எழுத்தெழுத்தாகத் தமிழ் விழுகிறதே, அந்தத் தெளிவு கொட்டகை கொடுத்தது. கீழே ஆர்மோனியத் துருத்தியின் மடிப்பிலும் தோல், மிருதங்கத்தின் முகத்திலும் தோல். அவர் குரல் ஏறி நின்ற மேடைக்கு அடியில் இந்தத் தொழிலும் இருந்தது.

1926-இல் கொழும்பில் நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து போட்ட ‘வள்ளி திருமணம்’ தமிழ்நாடு, இலங்கை என்று ஊர் ஊராகக் கூட்டத்தை அள்ளியது. கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம். வள்ளி வளர்ந்ததாகச் சொல்லும் வள்ளிமலை நம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆலோலம் பாடும் வள்ளியை ஒரு தலைமுறைக்கே அடையாளம் காட்டியவர் சுந்தராம்பாள். மேடை ஜோடி வாழ்க்கையிலும் சேர்ந்தது. ஆனால் கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். பிராமணக் குடும்பம் அவருடையது, இவரோ நாடகக்காரி. சேர்ந்து வாழ்ந்த காலம் கொஞ்சம், பிரிவும் கடிதமுமாகக் கழிந்த காலம் அதிகம். 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, இருபத்தேழு வயதில் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து.

அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைச் சாகும்வரை அவர் மாற்றவில்லை. நகை இல்லை, வண்ணம் இல்லை. இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்துக்கொண்டார்.

ஒரு நடிகைக்கு இது தொழிலையே முடித்துவைக்கும் முடிவு. காதலன் இல்லாமல் கதாநாயகி ஏது? இந்த நேரத்தில்தான் அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் ‘நந்தனார்’ படத்துக்கு அவரைத் தேடி வந்தார். மறுத்துப் பார்த்தார் சுந்தராம்பாள். தொல்லை விடட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார். அதுவரை எந்த ஆண் நடிகரும் தமிழில் தொட்டறியாத தொகை அது. ரயிலில் பாடிக் காசு வாங்கிய கை, தன் குரலுக்குத் தானே விலை சொல்லி வாங்கிக்கொண்டது. பீஸ் ரேட்டுக்குத் தைத்து, எவ்வளவு என்று கேட்கும் முன்பே கூலி முடிவாகிவிடும் பெண்கள் நிறைந்த வட்டாரத்தில் இந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

மாணிக்லால் டாண்டன் இயக்கிய ‘நந்தனார்’ 1935-இல் வெளிவந்தது. சுந்தராம்பாள் நந்தன்; கர்நாடக இசையில் பெரும்பெயர் பெற்ற மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நந்தனை வேலை வாங்கும் வேதியர். படத்தில் ஏறக்குறைய நாற்பது பாட்டு. பின்னணி பாடும் முறை தமிழுக்கு வருவது 1938-இல், ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில். அதற்கு முன் கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும்; வாத்தியக்காரர்கள் படச்சட்டத்துக்கு வெளியே மரத்துக்குப் பின்னாலோ மறைவிலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒரு இடத்தில் தப்பினால் எல்லாம் முதலிலிருந்து. பாடத் தெரியாதவருக்கு அந்தச் சினிமாவில் இடமே இல்லாமல் போனது இதனால்தான். ‘நந்தனார்’ படத்தை எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் வெளுத்து வாங்கினார். எருமை நன்றாக நடித்திருக்கிறது என்ற அளவுக்குப் போனார். பாட்டு மட்டும் தப்பியது. கிராமபோன் தட்டுகளாக அது வீடு வீடாகப் போனது.

பெண் ஆண் வேடம் கட்டுவது அன்று புதுமை இல்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனியில் பெண்களே எல்லா வேடமும் போட்டார்கள். அந்த நாடகம் பார்க்க மக்கள் தனி ரயிலேறிப் போனார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி 1941-இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். நம் பக்கத் தெருக்கூத்தில் இது நேர் தலைகீழ். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் திரௌபதையும் ஆண், சுபத்திரையும் ஆண். மீசையை மழித்து அரிதாரம் பூசி, துகிலுரியும் இடத்தில் ஊரையே அழவைத்த பெண் வேடக்காரர்களை இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் இன்னும் பேர் சொல்லிப் பேசுகிறார்கள். வேடம் என்றால் என்ன என்று அறிந்த மண் இது. அதனால் சுந்தராம்பாளின் நந்தனை இங்கே விளங்கிக்கொள்வது எளிது: உடம்பு பெண்ணுடையது, வேடம் ஆணுடையது, குரல் வெளியே நிறுத்தப்பட்ட எல்லாருடையது.

இந்த இடத்தில் ஒரு பெரிய கேள்வி குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையில்லை. மேடையும் சினிமாவும் எடுத்துக்கொண்ட நந்தன், சேக்கிழாரின் நந்தன் மட்டுமில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் வளர்ந்தவன். சிதம்பரம் போக விடாமல் வயல் வேலை சொல்லி வாட்டும் வேதியர், கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்த பாத்திரம். பண்ணையடிமையின் பாட்டைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தது அவருடைய கீர்த்தனை. ஆனாலும் கதை முடிவது தீயில். நெருப்பில் மூழ்கி, பிறந்த உடம்பை விட்டு, முனிவர் கோலத்தில் எழுந்தால்தான் கோயிலுக்குள் அனுமதி. பிறப்பில் அழுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் கதை நகர்கிறது. இந்தக் கதையைப் பண்டிதர் அயோத்திதாசர் ஏற்கவில்லை. நந்தன் வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசன் என்று ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் எழுதினார். இந்த வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன தொழிலாளர்களிடையே அவருடைய சாக்கிய பௌத்த சங்கம் வேர்விட்டது. நந்தன் சரித்திரத்தை எதிர்த்து வாசித்தவர்கள் நம் முன்னோர்களிலேயே இருந்தார்கள்.

அப்படியானால் சுந்தராம்பாளின் நந்தனை என்ன செய்வது? தள்ளிவைக்க வேண்டியதில்லை என்பது இவ்விதழின் நிலை. கதையின் முடிவை மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும். ஆனால் நந்தனின் ஏக்கத்தைப் பாட ஒரு பெண் துணிந்ததும், கைம்பெண் என்று ஊர் ஒதுக்கிவைக்கப் பார்த்த ஒருத்தி ஒதுக்கப்பட்டவனின் உடுப்பைத் தேர்ந்துகொண்டதும் வரலாறு. அந்தக் குரலில் இருந்த வலி கதாசிரியர் எழுதிக் கொடுத்தது மட்டுமில்லை.

அவருடைய வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பாதை தெரியும். 1935-இல் நந்தன். 1940-இல் மணிமேகலை. 1953-இல் எஸ்.எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ‘ஔவையார்’. 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். 1973-இல் காரைக்கால் அம்மையார். ஐவரும் வீட்டை, இளமையை, உறவை உதறி நடந்தவர்கள். ஆணோடு ஜோடி சேர மாட்டேன் என்ற சபதம் விட்டுவைத்த இடம் கையளவு. அந்தக் கையளவு இடத்துக்குள் தமிழ் இலக்கியத்தின் துறவிகளை எல்லாம் அவர் கூட்டி வந்து நிறுத்திவிட்டார். சைவத் திருநீறு பூசிய அவர் சமணத் துறவியாகவும் பௌத்தத் துறவியாகவும் நடித்தார்.

இதைப் போற்றும்போதே இன்னொன்றையும் கேட்க வேண்டும். வெள்ளைச் சேலை அவர் விரும்பி ஏற்றது. ஆனால் அதை உடுத்திய பிறகுதான் அவரைக் கையெடுத்துக் கும்பிடச் சமூகம் முன்வந்தது. 1931-இல் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ நாயகி டி.பி. ராஜலட்சுமி, 1936-இல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தானே இயக்கினார். துறவு பூணாத அந்தப் பெண்ணை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? நடிகை பாட்டியாகவோ தெய்வமாகவோ ஆன பிறகே மரியாதை கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சுந்தராம்பாளை ஔவைப் பாட்டியாக மட்டும் நினைவில் வைப்பதும் அந்தப் பழக்கத்தின் மிச்சமே.

சேலைதான் வெள்ளை, வாழ்க்கை ஒடுங்கிப்போகவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அழைக்க, கட்சி மேடைகளில் பாடினார். காந்தியைப் பற்றிய அவர் பாட்டுகள் கிராமபோனில் வந்தன. தலைவர் பேசும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்கும் வேலை என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். பலர் கேட்க வந்ததே அந்தப் பாட்டை. 1951-இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டசபைக்குப் போவது தமிழ்நாட்டுக்குப் பழகிப்போன பாதை. அதில் முதலில் நடந்தவர் பெண் என்பது எத்தனை மேடைகளில் சொல்லப்படுகிறது? 1969-இல் வந்த ‘துணைவன்’ படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றபோது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் மறைந்தார்.

ஒரு லட்சம் கொடுத்து எடுத்த அந்த ‘நந்தனார்’ இன்று இல்லை. ‘காளிதாஸ்’ போலவே அதன் பிரதியும் அழிந்துவிட்டது. நைட்ரேட் பிலிம் தானே சிதைந்து தூளாகும், எளிதில் தீப்பற்றும். அதில் இருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்ட சுருள்களும் உண்டு. தோலைப் பதப்படுத்தினால் நூறு ஆண்டு நிற்கும் என்று அறிந்த ஊர்க்காரர்களுக்கு இந்த இழப்பு உறைக்க வேண்டும். ஆவாரம்பட்டையில் ஊறவைக்க ஆளில்லாத தோல் போல, காப்பாற்ற ஒரு கை இல்லாமல் அந்தப் படம் அழுகிப்போனது. மிஞ்சியவை பாட்டுப் புத்தகங்கள், தட்டுகள், சில புகைப்படங்கள்.

நம் ஊர்களிலும் இப்படி அழுகிக்கொண்டிருப்பவை உண்டு. கூத்து வாத்தியார்களின் கையெழுத்து நோட்டுகள், முகவீணைக்காரர்களின் நினைவு, தோல் ஷாப்பில் வேலை செய்துகொண்டே பெண்கள் கட்டிய பாட்டுகள், டூரிங் டாக்கீஸ் நோட்டீசுகள். அடுத்த இதழ் முதல் இவற்றுக்கெனப் பத்துப் பக்கம் ஒதுக்கப்படுகிறது. பரணில் கிடக்கும் பாட்டுப் புத்தகத்தையோ பழைய தட்டையோ எடைக்குப் போடும் முன் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தரப்படும். பாடத் தெரிந்த ஆயாக்கள் வீட்டில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை ஷூ கம்பெனிக்கு லீவு, அன்று பதிவுக்கருவியோடு வீட்டுக்கே ஆள் வரும்.