ஊவாத் தோட்டங்களும் தூய ஆற்றலுக்கான அரச மானியமும்

திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகையாகிய மானியம், வங்கிக் கடனும் தனியார் முதலீடும் துணிந்து செல்லாத இடத்துக்கே உரியது. இலங்கையில் உலக வங்கியும் பூகோள சுற்றாடல் வசதியமும் துணைநின்ற ஆற்றல் சேவை வழங்கல் திட்டம் (1997–2002) கடனோடு மானியத்தையும் இணைத்து அளித்தமையால், மின்கம்பி எட்டாத கிராமங்களில் சூரிய விளக்குகள் எரிந்தன. மின்நுகர்வோர் சங்கங்கள் தம் ஊர் ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்களைத் தாமே நடத்தின.

இன்று பதுளை மாவட்டத்தில் அத்தகைய துணிவு வேண்டப்படும் இடம் தேயிலைத் தொழிற்சாலையாகும். கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு நீரே. தூளில் எஞ்சுவது ஏறத்தாழ 3 சதவீதம். இந்நீரைப் போக்கவே விறகு எரிகிறது, வாட்டும் மாடியில் மின்விசிறிகள் மணிக்கணக்கில் சுழல்கின்றன. விசிறி இழுக்கும் மின்வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் ஊவாப் பருவத்தில் கொழுந்து விரைந்து வாடி, விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும் என்பதால், பசறையிலும் ஹப்புத்தளையிலும் விசிறியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் பயன் அப்போது மிகுதியாகும். கூரைச் சூரியப் பலகைக்கு முன்பே இத்தகைய சேமிப்புக்கு மானியம் ஒதுக்கப்படுவதே முறை. குறைக்கக்கூடிய தேவையைக் குறைக்காமல் அதற்கென மின்னை உற்பத்தி செய்வது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும்.

தோட்ட லயங்களில் (வரிசை வீடுகளில்) வாழும் தொழிலாளர் குடும்பங்களின் நிலை வேறு. 1970களில் தேசியமயமான தோட்டங்கள் 1992 முதல் கம்பனிகளின் முகாமைக்கு வந்தபோதும் காணி அரசுடைமையாகவே நீடிக்கிறது; பெரும்பாலான குடும்பங்களிடம் காணி உறுதி இல்லை. உறுதியைப் பிணையாகக் கேட்கும் கடனோடு பிணைக்கப்பட்ட எந்த மானியமும், எத்தனை தாராளமானதாயினும், லயத்தின் தகரக் கூரையை எட்டாது. மின்நுகர்வோர் சங்கம் போன்ற கூட்டுப் பொறுப்பு அமைப்பை விண்ணப்பதாரராக ஏற்பதற்கு இந்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கையில், தனிநபர் உறுதியை வற்புறுத்துவதற்கு நியாயம் இல்லை.

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிலைபெறுதகு வலு அதிகார சபையும் ஊவா மாகாண சபையும் காணி உறுதி கேட்கும் நிபந்தனையைத் தளர்த்த முன்வர வேண்டும். தோட்டப் பொறியியலாளர்களும் வலுக் கணக்காய்வாளர்களும், அடுத்த ஊவாப் பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு வாட்டும் மாடியின் மின் பாவனையையும் தனியே அளந்து, அந்தப் பதிவோடு மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.