ஒரே விலை கேட்டால் குற்றமா?

சந்தைக்குப் போகிறோம். பத்துக் கடையிலும் கத்தரிக்காய் ஒரே விலை!

"எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்களா?" என்று கேட்கத் தோன்றுகிறது.

பேசி வைத்திருக்கலாம். அன்றைய மார்க்கெட் நிலவரமே அதுவாகவும் இருக்கலாம். எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வி இரண்டு முறை டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஒன்று, தானியக் கிடங்கு பற்றிய வழக்கு. மற்றொன்று, நம் வீட்டு அடுப்படிக்கு வரும் காஸ் சிலிண்டர் பற்றிய வழக்கு. இரண்டிலும் கம்பெனிகள் சொன்ன சமாதானம் ஏறக்குறைய ஒன்றுதான். தீர்ப்போ நேர் எதிர்!

டெண்டர் என்றால் என்ன?

சர்க்கார் ஒரு பொருளை வாங்க விரும்பினால் டெண்டர் கேட்கும். ஒவ்வொரு வியாபாரியும் தன் விலையை எழுதி ரகசியமாகக் கொடுப்பார். யார் விலை குறைவோ, அவருக்கு ஆர்டர்.

அடுத்தவர் என்ன விலை எழுதுவாரோ என்ற பயத்தில் ஒவ்வொருவரும் விலையைக் குறைப்பார்கள். அதில்தான் மக்கள் பணம் மிச்சமாகிறது.

வியாபாரிகள் முன்கூட்டியே கூடிப் பேசிக்கொண்டால்? பயம் போய்விடும். விலை ஏறிவிடும். டெண்டர் வெறும் நாடகம் ஆகிவிடும். நஷ்டம் யாருக்கு? வரி கட்டும் நமக்கு!

வண்டு மாத்திரை

இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அரிசியும் கோதுமையும் மலைபோல் குவிந்திருக்கும். அவற்றை வண்டு அரிக்காமல் காப்பாற்ற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் விஷவாயு வண்டுகளைக் கொல்லும்.

2009-ம் ஆண்டு மே 8-ந் தேதி இந்த மாத்திரைக்கு டெண்டர் போட்டவை மூன்று கம்பெனிகள். எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் கெமிக்கல்ஸ்.

மூன்றும் எழுதிய விலை, கிலோ ரூ.388. ஒரு காசு கூட வித்தியாசம் இல்லை!

2011-ல் உணவுக் கழகம் இந்தியப் போட்டிக் கமிஷனிடம் புகார் கொடுத்தது. விசாரித்தபோது, 2002 முதலே பெரும்பாலும் இப்படி ஒரே விலை கேட்டு வந்தது தெரிந்தது.

கம்பெனிகள் சொன்ன சமாதானம்

"இந்தத் தொழிலில் நாங்கள் சிலரே இருக்கிறோம். ஒருவர் விலையை மற்றவர் கவனித்துக்கொண்டே இருப்போம். அதனால் விலை ஒன்றாகிவிட்டது. நாங்கள் கூடிப் பேசவில்லை" என்றார்கள் கம்பெனிக்காரர்கள்.

கோர்ட்டு ஏற்கவில்லை. தொழிற்சாலைகள் வெவ்வேறு ஊர்களில் இருக்கின்றன. உற்பத்திச் செலவும் வெவ்வேறு. அப்படியிருக்க, விலை மட்டும் எப்படி ஒன்றாகும்? ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம். வருஷக்கணக்கில் நடந்தால்?

கூடிச் சதி செய்கிறவர்கள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. ஆகவே சந்தர்ப்ப சாட்சியத்தைக் கொண்டே முடிவு செய்யலாம்.

இன்னொரு வாதமும் வந்தது. "இந்தச் சட்டப் பிரிவு அமலுக்கு வந்ததே மே 20-ந் தேதிதான். நாங்கள் டெண்டர் போட்டது 8-ந் தேதி. பிறகு எப்படிக் குற்றம்?"

கெட்டிக்கார வாதம்தான். ஆனால் காரியம் 8-ந் தேதியோடு முடியவில்லை. ஜூன் மாதத்திலும் விலை பற்றிய பேச்சு நடந்து, கிலோ ரூ.386 என்று முடிவாயிற்று. ஆகவே சட்டம் பொருந்தும் என்றது கோர்ட்டு.

ஒரு வாதம் மட்டும் பலித்தது. கமிஷன், கம்பெனிகளின் மொத்த வியாபாரத்தில் 9 சதவீதம் அபராதம் போட்டிருந்தது. "மாத்திரையில் தப்பு என்றால், நாங்கள் விற்கும் மற்றச் சரக்குக்கும் சேர்த்தா அபராதம்?" என்று கேட்டார்கள். அப்பீல் மன்றம் இதை ஏற்று, மாத்திரை வியாபாரத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. யுனைடெட் பாஸ்பரசின் அபராதம் ரூ.252 கோடியிலிருந்து சுமார் ரூ.7 கோடியாக இறங்கியது! சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

தீர்ப்பு நாள் 2017 மே 8. டெண்டர் போட்டு சரியாக எட்டு வருஷம்!

பின்னர், 2023-ல் சட்டம் திருத்தப்பட்டது. கம்பெனியின் உலகளாவிய மொத்த வியாபாரத்தை வைத்து அபராதத்தின் உச்சவரம்பைக் கணக்கிடலாம் என்று மாற்றினார்கள்.

சிலிண்டர் வழக்கு

2010 மார்ச்சில் இந்தியன் ஆயில் நிறுவனம், 14.2 கிலோ காஸ் சிலிண்டர் வாங்க டெண்டர் கேட்டது. பல கம்பெனிகள் ஒரே மாதிரி விலை எழுதின. அதற்கு முந்திய இரண்டு நாட்கள் தயாரிப்பாளர்கள் மும்பை ஓட்டலில் கூடியிருந்தார்கள்!

இது போதாதா? போதும் என்றது கமிஷன். 2012-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது.

ஆனால் 2018 அக்டோபர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த அபராதத்தை ரத்து செய்தது. முந்திய வழக்கில் தீர்ப்புக் கூறிய நீதிபதி ஏ.கே.சிக்ரியே இதிலும் தீர்ப்புக் கூறினார்.

ஏன் இந்த மாற்றம்?

இந்த சிலிண்டரை வாங்குபவர்கள் மூன்றே மூன்று எண்ணெய் நிறுவனங்கள். அவை வேண்டாம் என்றால் வேறு யாரிடமும் விற்க முடியாது. சிலிண்டரின் அளவும் அமைப்பும் ஒன்றே. போன தடவை என்ன விலைக்கு எடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். விலையைப் பேசிக் கடைசியில் முடிவு செய்கிறவரோ, வாங்குகிற இந்தியன் ஆயில்! புதிதாக வந்த கம்பெனிகளுக்கும் ஆர்டர் கிடைத்தது.

இப்படிப்பட்ட மார்க்கெட்டில், யாரும் பேசி வைக்காமலே விலை ஒன்றாக வரலாம். ஓட்டலில் கூடியது சந்தேகம் தரலாம். சந்தேகம் மட்டுமே சாட்சியம் ஆகிவிடாது.

புகையும் நெருப்பும்

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஆனால் புகை அடுப்பிலிருந்தும் வரலாம், கூரையிலிருந்தும் வரலாம். எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் கோர்ட்டின் வேலை.

ஒரே விலை என்பது புகை. செலவு வேறாக இருந்தும் விலை ஒன்றானால் கூரை எரிகிறது என்று அர்த்தம். மார்க்கெட்டின் அமைப்பே விலையை ஒன்றாக்கினால், அது அடுப்புப் புகை.

குற்றவாளி தப்பினால் மக்கள் பணம் போகிறது. நிரபராதி மாட்டினால் தொழிற்சாலை மூடி, தொழிலாளி குடும்பம் தவிக்கிறது. இரண்டும் நஷ்டமே.

அதனால்தான், "விலை ஒன்றா?" என்று கேட்பதோடு கோர்ட்டு நிற்பதில்லை. "ஏன் ஒன்று?" என்றும் கேட்கிறது!