கையில் அளக்க முடியாத ரத்த அழுத்தம்

கல்லீரலுக்குள் நுழையும் ரத்தக் குழாயில் ஏறும் அழுத்தம் வலி கொடுக்காது, எச்சரிக்கையும் செய்யாது. ஆனால் முன்கூட்டியே கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம்.

ரத்த அழுத்தம் என்றதும் கையை நீட்டுகிறோம். பட்டையைச் சுற்றி, காற்றடித்து, 120/80 என்று டாக்டர் சொன்னால் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். அந்த எண் சரியாக இருக்கும் ஒருவருக்கே, வயிற்றுக்குள் ஒரேயொரு ரத்தக் குழாயில் மட்டும் அழுத்தம் இரண்டு மடங்காக ஏறியிருக்கலாம். கைப்பட்டைக்கு அது தெரியாது. பல நோயாளிகளுக்கு அது தெரிய வருவது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வாய் வழியாக ரத்தம் கொட்டும்போதுதான்.

டாக்டர்கள் இதை போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன் என்கிறார்கள். இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெருங்குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரல் வழியே ஓடுகிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தக் குழாய் கொண்டுவருவது. அங்கே சத்து பிரிக்கப்படுகிறது, நஞ்சு முறிக்கப்படுகிறது. பிறகுதான் ரத்தம் இதயத்தை நோக்கிப் போகிறது.

ஆரோக்கியமான கல்லீரல் நனைந்த பஞ்சு மாதிரி. அத்தனை ரத்தத்தையும் எதிர்ப்பில்லாமல் உள்வாங்கும். குழாய்க்குள் அழுத்தம் 5 முதல் 10 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனால் ரத்தம் உள்ளே நுழையத் தடுமாறுகிறது. கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் 5ஐத் தாண்டினாலே கோளாறு. 10ஐத் தொட்டால் சிக்கல்கள் தலைகாட்டும். 12ஐத் தாண்டினால் ரத்தக்கசிவு அபாயம்.

மதகு அடைபட்டால் ஏரித் தண்ணீர் சும்மா இருக்குமா? கரையில் பலவீனமான இடத்தைத் தேடும். ரத்தமும் அப்படித்தான் செய்கிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள மெல்லிய சிரைகளில் புகுந்து, கல்லீரலைச் சுற்றிக்கொண்டு இதயத்துக்குப் போகப் பார்க்கிறது. இந்தச் சிரைகள் இவ்வளவு ரத்தத்தைத் தாங்கப் பிறந்தவை அல்ல. புடைத்துச் சுருண்டு, ஒரு நாள் வெடிக்கின்றன.

மற்ற விளைவுகளும் உண்டு. ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்குகிறது. பிளேட்லெட் அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது: நம் முன்னோர் மகோதரம் என்று சொன்னது. கல்லீரலில் சுத்தமாகாத ரத்தம் மூளைக்குப் போவதால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, கணக்கில் தடுமாற்றம், கை நடுக்கம். விசித்திரமான ஒன்று: பல ஆண்டுகள் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவருக்கு சிரோசிஸ் முற்றியதும் கையில் அளக்கும் அழுத்தம் தானாகவே இறங்கிவிடும். 'பிரஷர் சரியாகிவிட்டது' என்று குடும்பம் சந்தோஷப்படும். உண்மையில் அது நல்ல சேதி அல்ல.

குடிகாரர் நோய் மட்டுமா?

ரத்த வாந்தி எடுத்தவரை 'குடித்துக் கெட்டவர்' என்று முத்திரை குத்துவது நம் வழக்கம். மது முக்கியக் காரணம்தான். ஆனால் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களும் அதே சிரோசிஸில்தான் கொண்டுபோய் விடுகின்றன. சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் சேரும் கொழுப்பும் அப்படியே. ஒரு சொட்டு மதுவைத் தொடாத இல்லத்தரசிக்கும் இது வரும்.

இந்தியாவில் இன்னும் இரண்டு வகை உண்டு. முதலாவது குழந்தைகளுக்கு வருவது. கல்லீரலுக்கு வெளியிலேயே போர்ட்டல் சிரை ரத்தக்கட்டியால் அடைபட்டுவிடுகிறது. பிறந்த சில நாட்களில் தொப்புளில் ஏற்படும் தொற்று ஒரு காரணம். ரத்தம் எளிதில் உறையும் பிறவிக் கோளாறு இன்னொன்று. பலருக்குக் காரணம் தெரியாமலே போகிறது. ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ரத்த வாந்தி எடுக்கும். வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரல் கட்டியாகத் தட்டுப்படும். 'கல்லீரல் போய்விட்டது' என்று யாராவது பெற்றோரைக் கலங்கடிப்பார்கள். அது தவறு. இந்தப் பிள்ளைகளின் கல்லீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்திவிட்டால் பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாணம் எல்லாம் உண்டு.

இரண்டாவது, இளைஞர்களையும் நடுவயதினரையும் தாக்குவது. சிரோசிஸ் இருக்காது, கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரையின் சிறு கிளைகள் மட்டும் தடித்து அடைபட்டிருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1969ல் இதற்குத் தனிப் பெயர் சூட்டியது. சுகாதாரம் மேம்பட மேம்பட இது குறைந்து வருகிறது.

பாவ்லோவின் நாய்கள்

'தண்ணீருக்கு வேறு வாய்க்கால் வெட்டிவிட்டால் என்ன?' என்று 1877லேயே ரஷ்ய டாக்டர் நிக்கோலாய் எக் யோசித்தார். நாய்களின் போர்ட்டல் சிரையைக் கல்லீரலுக்குள் விடாமல் பக்கத்துப் பெருஞ்சிரையுடன் இணைத்தார். 1893ல் பாவ்லோவ் குழுவினர் இதைத் திரும்பச் செய்தபோது, இறைச்சி தின்ற நாய்கள் நிலைகுலைந்தன. அழுத்தம் குறைந்தது, ஆனால் நஞ்சு மூளைக்கு ஏறியது. 1945க்குப் பிறகு அமெரிக்காவில் மனிதர்களுக்கு இந்த அறுவை பரவலானபோதும் அதே தொல்லை தொடர்ந்தது.

நாய்களின் கதைக்கு ஒரு பின்விளைவு உண்டு. கல்லீரல் நோயாளி என்றால் பருப்பு கூடாது, முட்டை கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டினி போட்டார்கள். 2004ல் பார்சிலோனா டாக்டர்கள் நடத்திய ஆய்வு, மூளை பாதித்த நோயாளிகளுக்குக்கூட வழக்கமான அளவு புரதம் கெடுதல் செய்வதில்லை என்று காட்டியது. இன்று டாக்டர்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் சாப்பிடச் சொல்கிறார்கள். நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்காமல், படுக்கப் போகும் முன் சிற்றுண்டியும் வேண்டும். வயிற்றில் நீர் சேர்ந்தவர்கள் ஒதுக்க வேண்டியது உப்பைத்தான்: ஊறுகாய், அப்பளம், கருவாடு.

சிகிச்சையின் திசையை மாற்றியது ஒரு பழைய மாத்திரை. இதய நோய்க்குத் தரும் புரொப்ரனலால் மருந்து ரத்தக்கசிவு மீண்டும் வருவதைத் தடுக்கிறது என்று 1981ல் பாரிஸைச் சேர்ந்த லெப்ரெக் குழு அறிவித்தது. போர்ட்டல் சிரைக்கு வந்து சேரும் ரத்த வெள்ளத்தையே அது குறைக்கிறது. இன்று அதே குடும்பத்தைச் சேர்ந்த கார்விடிலால் முன்னணியில் நிற்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்தவர்களுக்கும் இவை ஆபத்து. ஆகவே அடுத்தவர் சீட்டைப் பார்த்து வாங்கக் கூடாது.

1986ல் அமெரிக்க டாக்டர் ஸ்டீக்மன், எண்டோஸ்கோப் முனையிலிருந்து சிறிய ரப்பர் வளையத்தைப் புடைத்த சிரையில் மாட்டி அதைச் சுருங்க வைக்கும் முறையை வெளியிட்டார். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். இந்த முறை முதல் ரத்தக்கசிவையே தடுக்க வல்லது என்பதைக் காட்டிய முக்கியமான ஆய்வு, தில்லியில் டாக்டர் எஸ்.கே. சரின் தலைமையில் நடந்து 1999ல் வெளியானது. கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் உலோகக் குழல் பதிக்கும் முறை 1988ல் ஜெர்மனியில் முதன்முதலாக மனிதரிடம் செய்யப்பட்டது. கல்லீரலே கைவிட்டவர்களுக்கு மாற்று அறுவை உண்டு. இந்தியாவில் முதல் வெற்றி 1998ல் தில்லியில்.

பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. பிரான்சில் ஒரு மருத்துவமனையில் 1980ல் இத்தகைய ரத்தக்கசிவோடு வந்தவர்களில் 43 சதவீதத்தினர் இறந்தனர். 2000ல் அது 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அந்த ஒரு மணி நேரம்

ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிரையைச் சுருக்கும் ஊசியும் ஆண்டிபயாட்டிக் மருந்தும் உடனே தொடங்கப்பட வேண்டும். 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி நடக்க வேண்டும்.

ரத்தம் ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. 'இன்னும் நாலு பாட்டில் ஏற்றுங்கள்' என்று உறவினர்கள் மன்றாடுவது இயல்பு. ஆனால் 2013ல் வெளியான பார்சிலோனா ஆய்வு, ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இறங்கினால் மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று காட்டியது. அளவுக்கு மீறி ஏற்றினால் போர்ட்டல் சிரையில் அழுத்தம் மறுபடி ஏறும். டாக்டர் நிதானிப்பது கஞ்சத்தனம் அல்ல.

இவ்வளவு தூரம் போகாமலிருக்க வழி எளிது. கல்லீரல் நோய் இருப்பது தெரிந்தவர்கள், காரணமில்லாமல் பிளேட்லெட் குறைந்தவர்கள், மண்ணீரல் வீங்கியவர்கள் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கல்லீரலின் இறுக்கத்தை வலியில்லாமல் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. இறுக்கம் 15க்கு மேல் போகாமல், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் பெரிய அபாயம் இப்போதைக்கு இல்லை. 25ஐத் தொட்டால் தடுப்பு சிகிச்சை பற்றிப் பேச வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2011 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ஹெபடைட்டிஸ் சி இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது. 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவச சிகிச்சை உண்டு. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். மூட்டு வலிக்கு வலி மாத்திரைகளைச் சீட்டில்லாமல் விழுங்காதீர்கள். குடிப்பவர்கள் நிறுத்தினால், சிரோசிஸ் வந்த பிறகும் இந்த அழுத்தம் இறங்கும். இதற்குச் செலவே இல்லை.